ஒரு பக்கம் சரிந்த கோட்

தேஹுன் கோட்டின் வலது கையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கோட்டுக்குள் ஆள் இருந்தாள்.

"அசையாத" என்றான். உதடுகளுக்கு இடையில் குண்டூசிகள் இருந்ததால் அது சீறல் மாதிரி வந்தது.

சேபித் அசையவில்லை. அசையாமல் நிற்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இடது கையை மட்டும் மெதுவாக உயர்த்தி, தன் தோளருகே கத்தரி திறந்து மூடுவதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். தையல் விட்டது. கோட்டின் கை கழன்று தரையில் விழுந்தது. தேஹுன் பின்னால் நகர்ந்து போய்ப் பார்த்தான்.

கோட் நேராகத் தொங்கியது. பள்ளிச் சீருடை மாதிரி, ஒழுங்காக, உயிரில்லாமல்.

"இதுவும் இல்ல" என்றான். குண்டூசிகளைத் துப்பினான்.

எதிர்ச் சுவரில் அந்தப் படம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. மொட்டை மாடி. மேகம் மூடிய வானம். முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் பாதி திரும்புகிறாள். கம்பளித் தொப்பி, தூக்கிவிட்ட காலர், முகம் தெரியாது. தெரிவதெல்லாம் கோட்தான். கரி நிறக் கோட். கழுத்திலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்து, இடுப்பருகே ஒரு அலை எழுந்து, கீழே ஓரம் சாய்கோடாக ஓடி முடிகிறது. யாரோ வாளியில் இருந்து இருட்டைக் கவிழ்த்துவிட்டது போல இருக்கும். போன அக்டோபரில் ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தது. பிறகு விருது வாங்கியது. பிறகு எங்கே பார்த்தாலும் அதுதான்.

படத்தில் இருக்கும் அதே கோட் மூலையில் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அதைத்தான் முதலில் சேபித்துக்குப் போட்டுப் பார்த்தான். சரியவில்லை. துணி தளர்ந்துவிட்டதோ என்று அதே துணியில் புதிதாக ஒன்று வெட்டினான். சரியவில்லை. சாங்சின் தையற்காரர் சந்தில் தைத்து வாங்கி, பைக் டெலிவரிக்காரன் இருமிக்கொண்டே மேலே கொண்டுவந்து போட்ட இன்னொன்றும் சரியவில்லை. இப்போது கையைப் பிய்த்துப் பார்த்தாயிற்று.

அதே கோட். அதே துணி. அதே பெண். படத்தில் சரிந்தது, நேரில் சரியவில்லை.

கிரியாமா கிம்போ விமான நிலையத்தில் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. டோக்கியோவில் ஒரு பெரிய கடைக் குழுமத்துக்கு உடைகள் தேர்ந்தெடுப்பவள். சியோலில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். கொரிய மொழி நன்றாகவே பேசுவாள். ஆனால் நீளமாகப் பேச மாட்டாள், நீளமாக எழுதவும் மாட்டாள். அவள் அனுப்பிய கடிதத்தில் படம் ஒட்டியிருந்தது. கீழே ஒரே வரி. 'இந்தக் கோட்டை நேரில் பார்க்க வருகிறேன்.'

அவளுக்குப் பிடித்தால் ஜப்பான் முழுக்க அவர்கள் கடைகளில் இந்த இலையுதிர்காலத்துக்கு இந்தக் கோட்தான். பிடிக்காவிட்டால், நாளை காலை தேஹுன் இன்னொரு பதிலைச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஆடைக் கம்பெனி அவனைக் கூப்பிட்டிருந்தது. ஒரு குழுவுக்குத் தலைவர் பதவி. கழுத்தில் அடையாள அட்டை. வேறு எந்தப் பெயரிலும் துணி வெட்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை. போனால், வாசலில் இருக்கும் 'குக்பியோ' என்ற பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

குக் அவன் குடும்பப் பெயர். பியோ அவளுடையது.

அவள், பியோ நாரே. புகைப்படக்காரி. அவனைவிட நாலு வயது பெரியவள் என்பதால் அக்கா. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் அறிமுகம். அவன் அப்போது யாரோ ஒருவரின் உதவியாளன். மாடலின் முதுகில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தான். எல்லா ஸ்டுடியோவிலும் நடப்பதுதான். உடை மாடலுக்குப் பெரிதாக இருக்கும். பின்னால் பிடித்து இழுத்து வரிசையாகக் கிளிப் போட்டுவிட்டால் முன்னால் கச்சிதமாக நிற்கும். கேமராவுக்கு முன்பக்கம் போதும். முன்னால் பார்த்தால் மகாராணி, பின்னால் பார்த்தால் துணி காயப்போடும் கொடி.

நாரே அன்று கேமராவைக் கீழே இறக்கிவிட்டு அவனைக் கூப்பிட்டாள். கிளிப்பை எல்லாம் எடுக்கச் சொன்னாள். எடுத்தால் உடை தொளதொளவென்று நிற்கும் என்று அவன் சொன்னான். நின்றால் அதுதான் உடை, மற்றது பொய் என்றாள். அந்த வேலை அன்றோடு அவள் கையைவிட்டுப் போனது. அவனுக்கும் போனது. இரண்டு பேரும் கீழே தெருவில் நின்றுகொண்டே குச்சியில் குத்திய ஒடேங் மீன் துண்டுகளைத் தின்றார்கள். ஆளுக்கு ஒரு கோப்பை சூடான ரசம் குடித்தார்கள். அங்கே ஆரம்பித்ததுதான்.

அன்று முதல் இவர்கள் வேலை செய்யும் விதம் இதுதான். அவன் பாதி தைத்த உடையை ஆள் மேல் போடுவான். அவள் லென்ஸ் வழியாகப் பார்ப்பாள். "தோள் பொய் சொல்லுது" என்பாள். அவன் அங்கேயே பிய்ப்பான். மறுபடி பார்ப்பாள். அவள் சரி என்று சொல்லும்வரை கத்தரி ஓயாது. கிளிப் கிடையாது. கணினியில் திருத்தம் கிடையாது. சியோலில் எல்லாரும் அவர்களை அப்படித்தான் சொன்னார்கள். கிளிப் போடாத கூட்டணி. பாதிப் பேர் மரியாதையாக, பாதிப் பேர் கிண்டலாக.

அதனால்தான் தேஹுனின் மண்டைக்குள் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு சந்தேகத்தை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கதவு திறந்தது. நாரே உள்ளே வந்தாள். பள்ளிக்கூட நாட்களில் வாலிபால் ஆடிய உயரம் இன்னும் இருந்தது. நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வருவது பழக்கம். வலது தோளில் கேமராப் பை. இருபது வருடமாக அதே தோள், அதே பை. வார் மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறாள்.

"எத்தனாவது கொலை இது?" என்றாள், தரையில் கிடந்த கையைப் பார்த்து.

"எண்ணல."

"சாப்ட்டியா?"

"அக்கா, இப்ப அதான் முக்கியமா?"

கடற்பாசியில் சோறு சுருட்டிய கிம்பாப் பொட்டலத்தை மேசை மேல் வைத்தாள். சேபித் மட்டும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். எடுக்கும்போது நாரேவை ஒரு முறை பார்த்தாள். நாரே அவளைப் பார்க்கவில்லை.

தேஹுன் சுவரில் இருந்த படத்தின் முன்னால் போய் நின்றான். முதுகைக் காட்டியபடியே கேட்டான்.

"அன்னிக்கு நான் இங்க இல்ல. தேகு ஊர்ல சாயப் பட்டறைல சண்டை போட்டுட்டு இருந்தேன். கோட்ட சாங்சின்ல இருந்து பைக்ல அனுப்ப வச்சேன். நீங்க ரெண்டு பேரும் மாடில எடுத்தீங்க. இவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"ஆமா."

"அக்கா. கிளிப் போட்டீங்களா?"

கீழ்த்தளத்துக் காபிக் கடையில் இயந்திரம் இரைந்து நின்றது.

"இல்ல" என்றாள் நாரே.

"பின்னால ஊசி?"

"முதுகுதான்டா படத்துல இருக்கு. ஊசி குத்தினா எங்க ஒளிப்பேன்?"

அது நியாயம்தான். முதுகு முழுவதும் தெரியும் படத்தில் கிளிப் போட இடமில்லை. அப்படியானால் கணினியில் திருத்தியிருக்க வேண்டும். அதையும் கேட்டான். இல்லை என்றாள். கேட்ட விதத்துக்கு அவள் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அதுதான் அவனை உறுத்தியது. நாரே கோபப்படாமல் பதில் சொன்ன நாள் எதுவும் அவன் நினைவில் இல்லை.

மாடிக்குப் போய்ப் பார்க்கலாம் என்றான். மூன்று பேரும் ஏறினார்கள். பழைய செருப்புத் தொழிற்சாலைக் கட்டடம்; மாடியில் இன்னும் தோல் காயவைத்த கம்பிகள் துருப்பிடித்து நின்றன. வானமும் அன்று போலவே மூடியிருந்தது. சேபித்துக்கு ஸ்டாண்டில் தொங்கிய அந்த முதல் கோட்டைப் போட்டான். அதே கம்பளித் தொப்பி. அதே பூட்ஸ். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி எங்கே, கைப்பிடிச் சுவர் எங்கே என்று அளந்து, அவளை அதே இடத்தில் நிறுத்தினான்.

"திரும்பு."

திரும்பினாள்.

"இன்னும் மெதுவா."

திரும்பினாள். காற்றுகூட வந்தது. கோட் இரண்டு பக்கமும் சமமாக விரிந்து சமமாக அடங்கியது.

சேபித்துக்கு இது பழகிப்போன விஷயம். அந்த அட்டைக்குப் பிறகு எல்லாரும் அவளைத் திரும்பி நிற்கத்தான் சொன்னார்கள். அவளுடைய ஏஜென்சி அவளை 'பேசும் முதுகு' என்று விற்றது. குளிர்பான விளம்பரத்தில் முதுகு. வங்கி விளம்பரத்தில் முதுகு. ஒவ்வொரு முறையும் படம் எடுப்பவர்கள் எடுத்து முடித்துத் திரையைப் பார்த்து, ஏதோ குறைகிறதே என்று தலையைச் சொறிவார்கள். என் அம்மாவே என்னை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை என்று அவள் ஒரு முறை சொல்லியிருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பது தேஹுனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அந்த நாள் எடுத்த மத்த படங்களக் காட்டுங்க" என்றான் நாரேவிடம். "முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு பாத்தாப் போதும். எப்படி நின்னாள்னு தெரிஞ்சுடும்."

"அந்த வரிசைல வேற இல்ல."

"இல்லன்னா?"

"அழிச்சிட்டேன்."

தேஹுன் அவளையே பார்த்தான். நாரே எதையும் அழிக்க மாட்டாள். கை தவறி எடுத்த தரை, மூடியோடு எடுத்த இருட்டு, எல்லாம் பெட்டி பெட்டியாக வைத்திருப்பவள். ஒன்பது வருடத்துப் படங்களும் அவளிடம் உண்டு, இந்த ஒரு வரிசையைத் தவிர.

அவன் கீழே இறங்கினான். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தான். மாடிக் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாரேவும் சேபித்தும் நின்றிருந்தார்கள். சேபித் ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். கையைத் தன் நெஞ்சில் வைத்து, பிறகு நாரேவை நோக்கி நீட்டி. நாரே தலையை மட்டும் அசைத்தாள். இல்லை என்பது போலத்தான் தெரிந்தது. கண்ணாடி தடிமன். சத்தம் வரவில்லை.

சரி என்று நினைத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று தனக்குத் தெரியவில்லை. அது என்னவாக இருந்தாலும், அந்தப் படம் நேர்மையான படம் இல்லை. விருது வாங்கிய படம். அந்த விருதை நாரே தன் ஸ்டுடியோவில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். எவ்வளவு அடக்கம் என்று எல்லாரும் வியந்தார்கள். அவனும் வியந்தான்.

கிரியாமாவின் டாக்சி தெருமுனைக்கு வந்துவிட்டதாக அடுத்த செய்தி வந்தது.

தேஹுன் வெட்டும் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தான். அடியில், அளவு நாடாக்களுக்குக் கீழே, ஒரு சின்னத் தகரப் பெட்டி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த விளம்பரப் படப்பிடிப்பில் மாடலின் முதுகிலிருந்து எடுத்த கிளிப்புகள். வேடிக்கைக்காக வைத்திருந்தான். நாலு எடுத்தான். கறுப்பு. கரி நிறத்துக்குப் பக்கத்தில் தெரியாது. கோட்டின் உள்பக்கம், இடது விலாவுக்குக் கீழே துணியை மடித்து இரண்டு போட்டால் ஒரு பக்கம் இழுக்கும். அலை மாதிரி ஒன்று வரும். அது போதும். கிரியாமா சுற்றி வந்து பார்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சேபித் கீழே வந்ததும் அவளை ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினான். கோட்டின் முன்பக்கத்தைத் திறந்து உள்ளே கையை விட்டான். சேபித் அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"சார்" என்றாள் மெதுவாக.

"மூச்ச இழுத்துப் பிடிச்சுக்க."

"சார், வேணாம்."

"வேற வழி இருந்தா சொல்லு."

சேபித் வாயைத் திறந்தாள். வாசலில் நாரே நின்றிருந்தாள். சேபித் வாயை மூடிக்கொண்டாள்.

நாரேவும் கிளிப்பைப் பார்த்துவிட்டாள். அந்தத் தகரப் பெட்டியையும் பார்த்தாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. திட்டப் போகிறாள் என்று தேஹுன் எதிர்பார்த்தான். திட்டினால் திருப்பிச் சொல்ல நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தான்.

அவள் திட்டவில்லை. அவளுக்குப் பின்னால் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

கிரியாமா சின்ன உருவம். மழைக்கோட், தட்டையான செருப்பு. வணக்கம் சொல்லிக் குனிந்தாள். அவர்களும் குனிந்தார்கள். காபி வேண்டாம் என்றாள். நேரே சேபித்தின் முன்னால் போய் நின்றாள். தேஹுன் இன்னும் கிளிப் போட்டிருக்கவில்லை. உள்ளங்கையில் மூடிய நாலும் குத்திக்கொண்டிருந்தன.

கிரியாமா கோட்டைப் பார்த்தாள். சுற்றி வந்து முதுகைப் பார்த்தாள். துணியை விரல்களுக்கு இடையில் உருட்டிப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி கோட்டை.

"நல்ல தையல்" என்றாள்.

தேஹுனுக்குப் புரிந்தது. துணி வாங்குபவர்கள் தையலைப் பாராட்டினால் வேறு பாராட்ட ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

"ஆனா நான் பாக்க வந்தது அந்தக் கோட்ட" என்று படத்தைக் காட்டினாள். "அது எங்க?"

"இதுதான் அது" என்றான் தேஹுன்.

"அப்படியா" என்றாள் கிரியாமா. மறுத்துச் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தையும் பார்க்கவில்லை. பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். அது போதும், கிளம்பப் போகிறாள்.

தேஹுன் கையை விரித்தான். கொஞ்சம் பொறுங்கள், இதை இன்னும் பொருத்தவில்லை, திரும்பி நின்றுகொள்ளுங்கள், ஒரு நிமிடத்தில் காட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். பிறர் கண் முன்னால் முதல் கிளிப்பைத் திறந்தான். அது டிக் என்றது.

"அத வை" என்றாள் நாரே.

"அக்கா, நீங்க பேசாதீங்க."

"வைடா."

கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். அவள் அதை வேலை நேரத்தில் தரையில் வைத்து அவன் பார்த்ததில்லை. சேபித்திடம் போய் அவள் தோளிலிருந்து கோட்டை எடுத்தாள். சேபித் அதைக் கழற்றிக் கொடுக்கும்போது ஏதோ முணுமுணுத்தாள். நாரே கோட்டைப் போட்டுக்கொண்டாள். காலரைத் தூக்கிவிட்டாள். அவர்கள் மூவருக்கும் முதுகைக் காட்டி நின்றாள். பாதி திரும்பினாள்.

கோட் சரிந்தது.

கழுத்திலிருந்து ஒரு பக்கமாக இறங்கியது. இடுப்பருகே அந்த அலை எழுந்தது. ஓரம் சாய்கோடாக ஓடியது. சுவரில் இருந்த படமும் நடு அறையில் நின்ற ஆளும் ஒன்றாக இருந்தன.

தேஹுன் அருகே போனான். இரண்டு தோள்களின் மேலும் கைகளை வைத்தான். வலது தோள் இடதைவிட இரண்டு விரல் இறங்கியிருந்தது. இருபது வருடப் பை. துணியின் எடை எல்லாம் அந்தப் பள்ளத்துக்கு வழிந்து, இடது பக்கத்தை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. ஒன்பது வருடமாகத் தினமும் எதிரே பார்த்த தோள். அந்தத் தோளுக்குச் சொந்தக்காரி லென்ஸ் வழியாக அவனிடம் பொய்களைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தாள். அவன் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

"படத்துல இருக்கறது நீங்க" என்றான்.

"வெளிச்சம் பாக்க நின்னேன்" என்றாள் நாரே, திரும்பாமலே.

மற்றதை அவள் அவசரமில்லாமல் சொன்னாள். அன்று சேபித்துக்கு முடி காயவில்லை. மேகம் கலைந்துவிடும் போலிருந்தது. யாராவது நின்றால்தானே வெளிச்சத்தைச் சரிபார்க்க முடியும். அவளே கோட்டைப் போட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றாள். எல்லாப் படப்பிடிப்பிலும் நடப்பதுதான். சரிபார்க்க எடுக்கும் படங்களை யாரும் எண்ண மாட்டார்கள். கேமரா அன்று பத்திரிகை அலுவலகத்துத் திரையோடு இணைக்கப்பட்டிருந்தது. எடுக்க எடுக்க அங்கே போய் விழும். சேபித்தை வைத்து மாலைவரை எடுத்தாள். பத்திரிகை ஆசிரியை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பினாள். அட்டைக்கு இதுதான், வேறு பேச்சே இல்லை என்றாள். வட்டம் போட்டது சரிபார்க்க எடுத்த படத்துக்கு. அந்த வரிசையில் வேறொன்றில் நாரேவின் முகம் தெரிந்தது. வரிசையை அழித்தாள். அட்டை அச்சுக்குப் போனது.

"இத ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?" என்றான் தேஹுன். குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது. "நீங்க நின்னீங்க. அதுல என்ன வெட்கம்? நான் சிரிச்சிருப்பேன், அவ்ளோதான்."

சேபித் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பேசும் முதுகு' தன்னுடையது இல்லை என்று வெளியே தெரிந்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று தேஹுனுக்குப் புரிந்தது. அவளுக்காகத்தான் மறைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டினான். சந்தேகப்பட்டதற்காகக் கூச்சமாக இருந்தது. கிளிப்புகளை மேசை மேல் வைத்தான்.

கிரியாமாவுக்கு இந்தக் கணக்குகளில் அக்கறை இல்லை. நாரேவைச் சுற்றி வந்தாள். பையைத் தோளில் மாட்டச் சொன்னாள், பார்த்தாள். இறக்கச் சொன்னாள், பார்த்தாள். நடக்கச் சொன்னாள். பிறகு தேஹுனிடம் கேட்டாள்.

"இந்தத் தோளைத் துணிக்குள்ள வைக்க முடியுமா? யார் போட்டாலும் இப்படி விழணும்."

அவன் ஏற்கெனவே சாக்குக்கட்டியை எடுத்துவிட்டிருந்தான். நாரேவின் முதுகிலேயே கோடு போட்டான். வலது தோள் தையலை இறக்க வேண்டும். காலரை அரை விரல் திருப்ப வேண்டும். உள்ளே ஓரத்தில் கொஞ்சம் கனம் வைத்துத் தைக்க வேண்டும். ஒரு வாரம் கேட்டான்.

"முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"அப்ப எடுத்துக்கறேன்" என்றாள் கிரியாமா. அவ்வளவுதான். கைகுலுக்கல்கூட இல்லை. தேஹுன் ஸ்டூலில் உட்கார்ந்தான். நாளைக் காலை சொல்ல வேண்டிய பதில் மாறிவிட்டது என்பது அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. கிம்பாப் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். சோறு காய்ந்திருந்தது. தின்றான்.

"ஒத்தத் தோள் கோட்" என்றான் வாய் நிறைய. "அக்கா, இனிமே அந்தத் தோளுக்குப் பங்கு கேப்பீங்க."

"ரெண்டு விரல் அளவுக்குக் கேப்பேன்" என்றாள் நாரே. ஆனால் அவள் சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றவும் இல்லை.

கிரியாமா வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. கடை முகப்புக் கண்ணாடி எல்லாத்துலயும் இந்தப் படம்தான் நிக்கும். கீழ ரெண்டு பேரோட பேரையும் போடுவோம், எங்க வழக்கம். கோட், குக் தேஹுன். படம், பியோ நாரே. எழுத்துல பிழை வராம எழுதிக் குடுத்துடுங்க."

"கண்டிப்பா" என்றான் தேஹுன். பென்சிலைத் தேடினான்.

"மேடம்" என்றாள் சேபித் நாரேவிடம். அறைக்குள் வந்ததிலிருந்து அவள் உரக்கப் பேசிய முதல் வார்த்தை அது. "வேணாம் மேடம். எனக்கு ஒண்ணும் வேணாம்னு அப்பவே சொன்னேன்ல. மாடிலயும் சொன்னேன்."

"நீ சும்மா இரு" என்றாள் நாரே.

தேஹுனின் கையில் பென்சில் நின்றது. நாரே முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன. படத்திலும் அப்படித்தான் இருந்தன. தானே இயங்கும்படி கேமராவை முக்காலியில் வைத்துவிட்டு நின்றிருப்பாள் என்றுதான் அவன் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தான். ஆனால் நாரே முக்காலி வைத்துக்கொள்வதில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் வைத்ததில்லை.

தரையில் கிடந்த பையைக் குனிந்து திறந்தாள் நாரே. கேமராவை எடுத்தாள். சேபித்திடம் நீட்டினாள். சேபித் அதை வாங்கிய விதத்தைத் தேஹுன் பார்த்தான். வலது கை பிடியில், இடது கை லென்ஸுக்கு அடியில், முழங்கை விலாவோடு ஒட்டி. முதல் முறை வாங்குபவள் அப்படி வாங்க மாட்டாள்.

"நான் வெளிச்சத்துக்குத்தான் நின்னேன்" என்றாள் நாரே கிரியாமாவிடம். "எப்ப அமுக்கணும்னுகூட நான் சொல்லல. முடி காயிற வரைக்கும் சும்மா எடுத்துட்டு இருன்னு கேமராவக் குடுத்தேன். கோட், குக் தேஹுன். சரி. படம், ஒக் சேபித்னு போடுங்க."